பழைய வேனுக்கு வேறு வேனின் பிரேக்கும் பட்டையும்

திருப்பூரில் பனியன் கம்பெனி வேனுக்கு ஓய்வு கிடையாது. காலையில் அவிநாசி, ஊத்துக்குளி, குன்னத்தூர், பல்லடம், காங்கேயம் பக்கத்து ஊர்களில் ஆள் ஏற்றிக்கொண்டு வரும். இரவு ஓவர்டைம் முடிந்ததும் கொண்டுபோய் விடும். ஞாயிற்றுக்கிழமை பழனிக்கோ ஊட்டிக்கோ டூர் போகும். இப்படிப் பல வருஷம் ஓடிய வண்டியைக் கம்பெனி விற்றதும் அது இன்னொரு முதலாளியிடம் போய் மறுபடியும் ஆள் ஏற்றும். அண்மைக்காலமாகச் சிலர் அதை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் படுக்கையும் அடுப்பும் வைத்துக் கேரவனாக்கவும் பார்க்கிறார்கள். எந்த வழியில் போனாலும் அந்த வயதில் வண்டிக்கு முதலில் வரும் செலவு பிரேக்கும், பட்டை எனும் லீஃப் ஸ்பிரிங்கும்தான். பழைய மாடலுக்குப் புதுச் சாமான் சுலபத்தில் கிடைக்காது. அதனால் கோவை உக்கடத்துக்கோ சென்னை புதுப்பேட்டைக்கோ போய், உடைத்துப் போட்ட வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய சாமானை வாங்கிவருகிறோம். அப்படி வாங்குகிறவர்களுக்காக எழுதியது இந்த அத்தியாயம்.

போல்ட் ஓட்டை சேர்ந்துவிட்டது என்பதற்காகப் பிரேக்கும் சேர்ந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பழைய சாமான் விஷயத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு நினைப்பில்தான் தொடங்குகின்றன. டிரம் உட்காரும், நட் ஏறும், பெடலும் நிற்கும். வண்டி எங்கே நிற்கிறது என்பது ஆள் ஏற்றி, இறக்கத்தில், மழையில் அழுத்தும்போதுதான் தெரியும்.

எந்த வண்டிக்கு எந்த வண்டி

எஞ்சின் ஒன்றாக இருப்பதைப் பார்த்து மற்றச் சாமானும் சேரும் என்று வாங்கிவிடுகிறார்கள். மேட்டடோரும் பழைய டெம்போ ட்ராவலரும் ஒரே பஜாஜ் டெம்போ கம்பெனியின் வண்டிகள். 2005-இல் அந்தக் கம்பெனி ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறியது. இரண்டு வண்டிகளிலும் மெர்சிடஸ் வழி வந்த ஓ.எம். 616 டீசல் எஞ்சின் ஓடியிருக்கிறது. ஆனால் மேட்டடோர் ஜெர்மனியின் ஹனோமாக் வேன் வழியில் வந்தது. முன்சக்கரம் இழுக்கும் வண்டி. ட்ராவலர் மெர்சிடஸ் டி1 வேனின் வழியில் வந்தது. பின்சக்கரம் தள்ளும் வண்டி, பழைய மாடல்களில் முன்பக்கமும் பட்டைதான். கீழே குனிந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மேட்டடோரின் முன் ஹப்பை ட்ராவலருக்குச் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள்.

மாருதியிலும் இதே கதைதான். மாருதி 800-க்கும் ஆம்னிக்கும் 796 சி.சி. எஞ்சின் பொது. ஆனால் 800 முன்சக்கர வண்டி. 1984-இல் வந்த ஆம்னியோ பின்சக்கர வண்டி, பின்னால் பட்டை. 2010-இல் வந்த ஈகோ பார்ப்பதற்கு ஆம்னியின் தம்பிபோல இருந்தாலும் அதற்கு 13 அங்குல ரிம், ஆம்னிக்கு 12. எடையும் வேறு. ஈகோவின் பின் டிரம்மை பேக் பிளேட்டோடு சேர்த்து ஆம்னிக்கு ஏற்றுவதைப் பெரிய முன்னேற்றமாக நினைக்கிறவர்கள் உண்டு. பின்பிரேக் மட்டும் பலமாகிவிட்டால் காலியாக ஓடும்போது பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், வால் சுழலும். அதை நான் முன்னேற்றமாக ஏற்க மாட்டேன்.

ஒரே குடும்பத்துக்குள்ளும் கவனம் வேண்டும். ட்ராவலரில் 3050, 3350, 3700, 4020 என்று வருவது மில்லிமீட்டரில் வீல்பேஸ். வண்டி நீளமானால் எடை கூடும். எடை கூடினால் பிரேக்கும் பட்டையும் மாறும். ஏ.பி.எஸ். வந்த பிறகான வண்டிகளில் ஹப்போடு சேர்ந்து ஒரு பல்வளையம் சுழலும். அந்த வளையம் இல்லாத பழைய ஹப்பைப் போட்டால் சென்சாருக்குப் படிக்க எதுவும் இருக்காது. டேஷ்போர்டில் விளக்கு எரியும், ஏ.பி.எஸ். வேலை செய்யாது. ஆகவே சாமான் வாங்கப் போகும்போது உங்கள் வண்டியின் சேசிஸ் எண், மாடல், தயாரான ஆண்டு, பிளேட்டில் அடித்திருக்கும் மொத்த எடை, இவற்றைப் போனில் படமெடுத்துக் கொண்டுபோங்கள். கடைக்காரரிடம், “ஏனுங்க, இது எந்த வண்டியிலிருந்து கழட்டினது, அந்த பிளேட்டக் காட்டுங்க” என்று கேளுங்கள். பில்லும் கேட்டு வாங்குங்கள். இரண்டுக்கும் பதில் இல்லாத சாமான் மலிவானதாக இருக்கலாம், ஆனால் உங்களுக்கு வேண்டாம்.

இன்னொன்று, இந்தப் பகுதிக்கே உரியது. சாயப்பட்டறைக்கு உப்பு மூட்டை ஏற்றிய வண்டியின் அடிப்பாகத்தை உப்பு அரித்திருக்கும். பெயின்ட் அடித்து மறைத்திருப்பார்கள். பிரேக் பைப்பை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். செதில் செதிலாக வந்தால் அந்த வண்டியின் எந்தச் சாமானும் எடுக்காதீர்கள். பட்டைகளின் நடுவில் துரு பொங்கி இடைவெளி விட்டிருந்தாலும் அப்படியே.

பழையதில் எதை எடுக்கலாம்

இரும்பாக மட்டும் இருப்பதை எடுக்கலாம்: டிரம், பேக் பிளேட், காலிப்பர் பிராக்கெட், ஆக்சில், பட்டை தொங்கும் ஹேங்கர், பெடல் பாக்ஸ். ரப்பர் இருப்பது, தேய்வது, இழுவிசையில் நிற்பது எதுவும் வேண்டாம். அதாவது ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், லைனர், ஷாக் அப்சார்பர், பால் ஜாயின்ட், யு போல்ட். இவற்றில் சிக்கனம் பிடிக்க ஒரு காரணமும் இல்லை. சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962 முதல் இயங்குகிறது; அதே பாடியில் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974 முதல். நல்ல பிரேக் சாமான் நம் மாநிலத்திலேயே செய்யப்படுகிறது. அட்டைப்பெட்டியும் லேபிளும் மட்டும் அசலாக இருக்கும் போலிச் சரக்கும் உலவுவதால், கம்பெனி அங்கீகரித்த டீலரிடம் வாங்குங்கள்.

டிரம் எடுக்கும்போது உள்விட்டத்தை அளந்து பாருங்கள். அதிகபட்ச விட்டம் பெரும்பாலும் டிரம்மிலேயே வார்ப்பில் இருக்கும்; டிஸ்க்கில் குறைந்தபட்ச தடிமன் இருக்கும். லேத் பட்டறையில் ஏற்கெனவே இரண்டு முறை கடைந்த டிரம் அந்த அளவைத் தாண்டியிருந்தால், சூட்டில் விரிந்து பெடல் கீழே இறங்கும். வலது, இடது இரண்டையும் ஒரே விட்டத்துக்குக் கடைய வேண்டும். ஒன்றை மட்டும் கடைந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

மாற்றுவதைச் சக்கரம் சக்கரமாகச் செய்யாமல் ஆக்சில் ஆக்சிலாகச் செய்யுங்கள். ஒரு ஆக்சிலில் உள்ள டிரம், ஷூ, வீல் சிலிண்டர், ஸ்பிரிங், அட்ஜஸ்டர் எல்லாம் ஒரே மாடல், ஒரே அளவாக இருக்க வேண்டும். தானாக அட்ஜஸ்ட் ஆகும் வகையில் வலது, இடது அட்ஜஸ்டர்களுக்கு மரை எதிரெதிர் திசையில் இருக்கும். கழற்றும்போதே தனித்தனிப் பையில் போட்டு எழுதி வைக்காவிட்டால், மாற்றிப் போட்டு லைனர் இறுகுவதற்குப் பதில் தளரும்.

கல்லு மாதிரி பெடல்

பெடலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெரிய வண்டியின் மாஸ்டர் சிலிண்டரைப் போட்டதும் பெடல் “கல்லு மாதிரி” நிற்கும். ஓனருக்கும் திருப்தி, மெக்கானிக்குக்கும் திருப்தி. ஆனால் கணக்கு வேறு. 20 மி.மீ. துளையுள்ள மாஸ்டர் சிலிண்டரின் பரப்பு சுமார் 314 சதுர மி.மீ. 22 மி.மீ. துளைக்கு 380. பரப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. காலால் அழுத்தும் விசை அதேதான் என்பதால் பைப்பில் போகும் அழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறையும். பெடல் குறைந்த தூரமே இறங்கும், கடினமாகவும் இருக்கும். வண்டியோ முன்பைவிடத் தள்ளிப்போய் நிற்கும். வீல் சிலிண்டரில் இது தலைகீழ்: அங்கே பெரியதைப் போட்டால் அந்தச் சக்கரத்தில் பிடி கூடும், பெடலும் அதிகம் இறங்கும். பின் வீல் சிலிண்டரை மட்டும் பெரிதாக்கினால் பின்சக்கரம் பூட்டும். இரண்டு சிலிண்டரின் துளை அளவும் அதன் உடலிலேயே பெரும்பாலும் வார்த்திருக்கும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த எண்ணைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எண் வேறானால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பைப்பின் முனையையும் பாருங்கள். ஃபிளேரிங்கில் இரண்டு வகை உண்டு. முனை உட்பக்கம் இரட்டையாக மடிந்த வகை ஒன்று, குமிழ்போல் வெளியே புடைத்த வகை இன்னொன்று. ஒன்றின் முனையை மற்றதன் இருக்கையில் முறுக்கினால் முதல் நாள் ஒழுகாது, பிறகு ஒழுகும். ஃபிரிட்ஜ் வேலைக்கான செம்புக் குழாயைப் பிரேக் பைப்பாகப் போடும் வழக்கத்தை எங்கே கண்டாலும் நிறுத்துங்கள். அதிர்வில் அது விரிசல் விடும்.

பட்டை சேர்த்தால் பிரேக் குறையும்

இந்த அத்தியாயத்திலேயே அதிகம் தெரியாத விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். பின்பட்டை தளர்ந்து வண்டி தாழ்ந்தால் “ஒரு பட்டை சேத்துப் போட்டுருங்க” என்கிறோம். பல வேன்களில் சேசிஸுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் ஒரு சின்ன வால்வும், அதிலிருந்து ஆக்சிலுக்கு ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ இருக்கும். லோடு சென்சிங் வால்வு என்பார்கள். ஆள் ஏறினால் சேசிஸ் தாழும்; கம்பி நகரும்; வால்வு திறந்து பின்பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். காலியாக இருந்தால் சேசிஸ் உயரும்; வால்வு பின்பிரேக்கைக் குறைக்கும். ஏனென்றால் காலி வண்டியில் பின்சக்கரம் சுலபமாகப் பூட்டிக்கொள்ளும்.

இப்போது ஒரு பட்டை சேர்த்தால் என்ன ஆகும்? இருபது பேர் ஏறினாலும் சேசிஸ் முன்புபோலத் தாழாது. வால்வு வண்டியைக் காலி என்றே கணக்குப்போட்டுப் பின்பிரேக்கைக் குறைத்தே வைத்திருக்கும். எல்லா வேலையும் முன்சக்கரத்தின் தலையில் விழும். திருப்பூர் சமவெளியில் இது தெரியாமல் போகலாம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கோ, வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி ஆழியாறுக்கோ வரும்போது முன்பேட் சூடேறிப் பிடி விடும். எதிர்ப்பக்கமும் உண்டு: பட்டை தளர்ந்து தாழ்ந்த வண்டியில் வால்வு எப்போதும் முழு லோடு என்றே எண்ணும், மழையில் காலியாகத் திரும்பும்போது பின்சக்கரம் வழுக்கும்.

எனவே பட்டையில் கை வைத்தால் வால்வின் கம்பியையும் கம்பெனி மேனுவல் சொல்லும் அளவுக்குச் செட் செய்ய வேண்டும். அந்தக் கம்பியை வயரால் இழுத்துக் கட்டி “எப்பவும் ஃபுல் பிரேக்” ஆக்கிவைத்த வண்டிகள் உக்கடத்துக்கு வருகின்றன. அப்படி ஒன்றைக் கண்டால் அந்த வண்டியின் பின் டிரம்மையும் எடுக்காதீர்கள். அது தேவைக்கு மேல் சூடு தின்ற டிரம்.

பட்டை தளர்ந்தால் பட்டை சேர்ப்பதைவிட, அதே மாடலின் முழு செட்டை இரண்டு பக்கமும் மாற்றுவதே சரி. பழைய செட் வாங்குவதாக இருந்தால் இரண்டையும் சமதரையில் கவிழ்த்து வைத்து வளைவின் உயரத்தை அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்திருக்க வேண்டும். மெயின் பட்டையின் கண்ணருகிலும் சென்டர் போல்ட் துளையைச் சுற்றியும் துடைத்துப் பார்த்து, தலைமயிர் அளவுக் கீறல் இருந்தாலும் விட்டுவிடுங்கள். யு போல்ட் ஒருமுறை முறுக்கியதும் நீண்டுவிடும். ஒவ்வொரு முறையும் புதிது.

ஷாக் அப்சார்பரை மூடிய நீளம், விரித்த நீளம் இரண்டையும் பார்த்து வாங்குங்கள். மூடிய நீளம் அதிகமாக இருந்தால் பள்ளத்தில் பம்ப் ஸ்டாப் தொடுவதற்கு முன் ஷாக்கே முட்டி உடையும். விரித்த நீளம் அதிகமானால் ஆக்சில் கூடுதலாகத் தொங்கிப் பிரேக் ஹோஸை இழுக்கும். வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஹோஸ் இறுகாமல் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்தும் பாருங்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தூக்கிய நிலையில் இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் இருந்து, எடை முழுதும் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். தூக்கி வைத்து இறுக்கினால் புஷ் முறுக்கிய நிலையிலேயே ஓடிக் கிழியும். புதுப் புஷ் சில மாதத்தில் போய்விட்டது என்று வரும் புகார்களில் இந்தக் காரணத்தை முதலில் தேடுங்கள்.

பனியன் வேஸ்ட்டும் பிரேக்கும்

நம் ஊர்ப் பட்டறைகளில் கை துடைக்க, சாமான் துடைக்க எல்லாவற்றுக்கும் பனியன் வேஸ்ட்தான். வேறு எங்கும் இவ்வளவு மலிவாகக் கிடைக்காது. ஆனால் மாஸ்டர் சிலிண்டருக்குள் அதைக் கொண்டுபோகாதீர்கள். டேங்கிலிருந்து சிலிண்டருக்கு ஆயில் இறங்க ஊசிமுனை அளவுத் துளை ஒன்று உண்டு. ஒரு பஞ்சு இழை போதும், அது அடைபடும். பெடலை விட்டாலும் அழுத்தம் திரும்பாமல் பிரேக் பிடித்தபடியே நின்று சூடேறும். இழை உதிராத துணி, புது பிரேக் ஆயில், இவை மட்டும். டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோலில் கழுவினால் ரப்பர் வாஷர் ஊதிவிடும். பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம் என்பதால் டிரம் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்துக் கட்டிப் போடுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த அளவு 140. டாட் 4-க்கு 230, 155. மலை இறக்கத்தில் பெடல் திடீரென்று தரை தொடுவதற்கு ஈர ஆயில் ஒரு காரணம். சாமான் மாற்றியபின் பழைய ஆயிலை முழுதும் வெளியேற்றிவிட்டுப் புதியதை நிரப்புங்கள்.

ஏர் எடுக்கும்போது பழைய மாஸ்டர் சிலிண்டரை அப்படியே வைத்திருந்தால் பெடலைத் தரைவரை மிதிக்க வேண்டாம். அத்தனை வருஷம் வாஷர் போகாத இடத்தில் துரு இருக்கும். அங்கே உரசினால் வாஷர் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துக்கொள்ளுங்கள். மேனுவல் வேறு வரிசை சொல்லாவிட்டால் தூரமான சக்கரத்திலிருந்து, அதாவது பின் இடதிலிருந்து தொடங்குங்கள்.

கேரவனாக்குகிறவர்களுக்கு

ஆள் ஏறி இறங்கும் வண்டிக்கும் கேரவனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கேரவனில் எடை இறங்குவதே இல்லை. நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ. அதோடு பேட்டரி, அலமாரி, ஏ.சி. எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பக்கப் பட்டை மட்டும் தாழும். தண்ணீர்த் தொட்டியை இரண்டு ஆக்சிலுக்கும் நடுவில், தரைக்கு நெருக்கமாக வையுங்கள். வேலை முடிந்ததும் எடைமேடையில் முன் ஆக்சில், பின் ஆக்சில் என்று தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். பிளேட்டில் உள்ள எடையைத் தாண்டியிருந்தால் பட்டை சேர்த்துச் சமாளிக்காமல் சாமானைக் குறைக்க வேண்டும். பட்டை எடையைத் தாங்கினாலும் பிரேக்கும் டயரும் பழைய அளவுதானே.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, கம்பெனி விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே மாடலின் அதே அளவுச் சாமானைப் போடுவது பழுதுபார்ப்பு. டிரம்முக்குப் பதில் வேறு வண்டியின் டிஸ்க்கை ஏற்றுவது மாற்றம். மோட்டார் கேரவனுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரநிலையே இருக்கிறது. கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவைத் தொடங்கிய பிறகு நம் பக்கத்திலும் ஆர்வம் கூடியிருக்கிறது. ஆணி அடிப்பதற்கு முன் திருப்பூர் வடக்கோ தெற்கோ, உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

பெரும்பாலானவர்கள் இந்த வேலைக்குத் தீபாவளி லீவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கம்பெனி பூட்டியிருக்கும், வேன் சும்மா நிற்கும். ஆனால் ஸ்பேர் கடையும் லேத் பட்டறையும் அதே நாள்களில் பூட்டியிருக்கும். சாமான் எல்லாம் கைக்கு வந்த பிறகே வண்டியைக் கழற்றுங்கள். பாதியில் நின்றால், லீவு முடிந்து ஆள் ஏற்ற வேண்டிய அவசரத்தில் எதையாவது போட்டு ஓட்டத் தோன்றும்.

முதல் ஓட்டம் ஆள் இல்லாத சமதரையில். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 96ஆவது விதி, 30 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி 13 மீட்டருக்குள் நிற்க வேண்டும் என்கிறது. கோடு போட்டு, டேப் வைத்து அளந்து பாருங்கள். முதலில் காலியாக, பிறகு துணி ரோலோ மணல் மூட்டையோ ஏற்றி முழு எடையோடு. ஸ்டியரிங் எந்தப் பக்கம் இழுக்கிறது, எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று வெளியே நின்று ஒருவர் பார்க்க வேண்டும். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்தின் பிரேக் சூட்டையும் சென்சார் தெர்மாமீட்டரில் பாருங்கள். ஒரே ஆக்சிலில் வலதும் இடதும் பெரிதும் வேறுபட்டால் ஒன்று உரசுகிறது அல்லது ஒன்று பிடிக்கவில்லை.

எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. ஆண்டுதோறும் வரும், அதில் பாஸானது ஒன்றே போதும் என்று விட்டுவிடாதீர்கள். முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட், வீல் நட், ஷாக்கிள் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். புதுப் பட்டை உட்கார்ந்ததும் யு போல்ட் கட்டாயம் தளர்ந்திருக்கும். அதுவரை அந்த வேனில் ஆள் ஏற்றாதீர்கள். அந்த நாள்களுக்கு வாடகை வண்டி அமர்த்திக்கொள்ளுங்கள்.